ஸெவரிங் ஏன் பணிந்தார்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மனியின் வைமார் காலம் (ஹிட்லருக்கு முந்தைய குடியரசுக் காலம்) பற்றிய குறிப்பில் கார்ல் ஸெவரிங்கை உயர்வாக எழுதியிருந்தீர்கள். பூட்டுத் தொழிலாளியாக இருந்து பிரஷ்ய மாநிலத்தின் உள்துறை அமைச்சரான அவர், 1932 ஜூலையில் பதவி பறிக்கப்பட்டபோது காவல்துறை முழுவதும் தன் கையில் இருந்தும் எதிர்க்காமல் வெளியேறினாரே, அது கோழைத்தனம் இல்லையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்வோம். 'ஷ்லோஸர்' என்ற ஜெர்மன் தொழிற்பெயர் பூட்டிலிருந்து வந்ததுதான் என்றாலும், 1875இல் ஹெர்ஃபோர்டில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த ஸெவரிங் கற்றது நாம் ஃபிட்டர் வேலை என்கிறோமே, அது: இரும்புத் துண்டை இடுக்கியில் இறுக்கி, இன்னொன்றோடு இம்மி பிசகாமல் பொருந்தும்வரை அரத்தால் ராவுவது. தையல் இயந்திரத்துக்கும் மிதிவண்டிக்கும் பேர்போன பீலஃபெல்டில் உலோகத் தொழிலாளர் சங்கத்தை நடத்தித்தான் அவர் அரசியலுக்கு வந்தார். வேலைநிறுத்தத்தை அறிவிக்குமுன் கையிருப்பு நிதியையும், பட்டறை வாசலில் வேலை கேட்டு நிற்பவர்களின் எண்ணிக்கையையும் பார்ப்பது சங்கக்காரரின் பழக்கம். ஸெவரிங்கை அந்தப் பழக்கம் கடைசிவரை விடவில்லை.

1920 மார்ச்சில் குடியரசைக் கவிழ்க்க வந்த வலதுசாரி காப் கும்பல் பெர்லினைக் கைப்பற்றியபோது பொது வேலைநிறுத்தம் சில நாட்களிலேயே அதைக் கவிழ்த்ததை அவர் கண்ணால் கண்டவர். அதே மாத இறுதியில்தான் அமைச்சரும் ஆனார். 1932இல் கணக்கு வேறு. வேலையற்றோர் 50 லட்சத்தைத் தாண்டியிருந்தனர். ஏப்ரல் தேர்தலில் பெரும்பான்மையை இழந்த பிரஷ்ய அரசு காபந்து அரசாக ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த அரசைப் பதவி நீக்கிய ஜெர்மன் பிரதமர் பாப்பெனின் பின்னால் குடியரசுத் தலைவரின் அவசரச் சட்டமும் ராணுவமும் நின்றன. ராணுவத்தின் முன் காவலர்களை நிறுத்திச் சாகவிட ஸெவரிங் விரும்பவில்லை. ஆகவே கோழை என்று சொல்ல என் கை வராது.

ஆனால் ஒன்றை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஜூலை 20 காலையில் பாப்பெனிடம் 'பலவந்தத்துக்கு மட்டுமே பணிவேன்' என்றவர், இரவு புதிய காவல் ஆணையரும் ஓரிரு அதிகாரிகளும் அறைக்குள் வந்து நின்றதுமே அதைப் பலவந்தமாக ஏற்றுக்கொண்டு எழுந்து போனார். பணிவதென்று கணக்குப் போட்டிருந்தால் காலையிலேயே பணிந்திருக்கலாம்; கட்டளைக்காகக் காத்திருந்த தொழிலாளர்களுக்கு அந்த வாக்கியம் ஒரு பகல் முழுதும் பொய் நம்பிக்கை கொடுத்தது.

எட்டு மாதம் கழித்து, 1933 மார்ச் 23 அன்று, ஹிட்லருக்கு முழு அதிகாரம் தரும் சட்டத்துக்காக நாடாளுமன்றம் க்ரோல் இசையரங்கில் கூடியது. உள்ளே நுழைகையில் ஸெவரிங்கைப் பிடித்து வைத்தார்கள். பிறகு வாக்களிக்க விட்டார்கள். தோற்பது உறுதியான வாக்கெடுப்பு அது. எதிர்த்து விழுந்த 94 வாக்குகளில் அவருடையதும் ஒன்று.