தூங்காத பேக்கப் லைன்

கேள்வி: எங்கள் கிளையிலிருந்து தலைமை அலுவலகத்துக்கு 64 கேபிபிஎஸ் லீஸ்டு லைன் (எப்போதும் திறந்திருக்கும் தனி இணைப்பு), பேக்கப்புக்கு ஐ.எஸ்.டி.என். பி.ஆர்.ஐ. (தேவைப்படும்போது டயல் செய்து இணையும் டிஜிட்டல் தொலைபேசி லைன்). இரு முனையிலும் சிஸ்கோ ரவுட்டர், பாதைகளைத் தானாகக் கண்டறியும் ஓ.எஸ்.பி.எஃப். புரோட்டோகால் ஓடுகிறது. லீஸ்டு லைன் ஒழுங்காக இருக்கும்போதே ஐ.எஸ்.டி.என். நாள் முழுக்க இணைப்பில் நிற்கிறது. ஐடில் டைம்அவுட் (டிராஃபிக் இல்லாவிட்டால் லைனைத் துண்டிக்கும் நேரம்) 120 விநாடிதான். பில் தாங்கவில்லை.

பதில்: டைம்அவுட்டில் கோளாறு இல்லை. அண்டை ரவுட்டர் இருக்கிறதா என்று அறிய ஓ.எஸ்.பி.எஃப். 10 விநாடிக்கு ஒருமுறை 224.0.0.5 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு ஹலோ பாக்கெட் அனுப்புகிறது. எந்த டிராஃபிக்குக்காக டயல் செய்யலாம் என்று சொல்லும் உங்கள் டயலர்-லிஸ்ட் ஐ.பி. முழுவதையும் அனுமதித்தால், ஹலோவும் 'இன்ட்ரஸ்டிங் டிராஃபிக்' (லைனை எழுப்பும், பிடித்து வைக்கும் டிராஃபிக்) ஆகிவிடும். ஒவ்வொரு ஹலோவிலும் எண்ணிக்கை மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதால், 120 விநாடி எண்ணி முடியவே முடியாது. 'ஷோ டயலர்' கொடுங்கள். 'டயல் ரீசன்' வரியில் சேருமிடம் 224.0.0.5 என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

எக்ஸ்டெண்டட் ஆக்சஸ்-லிஸ்ட் (எந்தப் பாக்கெட்டை அனுமதிப்பது, எதை மறுப்பது என்ற பட்டியல்) ஒன்று எழுதுங்கள். முதல் வரியில் ஓ.எஸ்.பி.எஃப்.-ஐ மறுத்து, அடுத்த வரியில் மற்ற ஐ.பி.-ஐ அனுமதியுங்கள். அதை டயலர்-லிஸ்ட்டில் இணையுங்கள். இன்டர்ஃபேஸில் ஃபில்டராகப் போட்டுவிடாதீர்கள். டயலர்-லிஸ்ட்டில் மறுத்தால் ஹலோ தானாக டயல் செய்யாது, லைனைப் பிடித்தும் வைக்காது. ஆனால் லைன் எழுந்தபின் தாராளமாகப் போகும். எதிர்முனை முகவரிக்கு எந்த எண்ணை டயல் செய்வது என்று சொல்லும் டயலர் மேப் வரியில் 'பிராட்காஸ்ட்' சேர்த்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் மல்டிகாஸ்ட் போகாது, இரு ரவுட்டர்களும் ஓ.எஸ்.பி.எஃப். நெய்பர் ஆகாது.

இதோடு விட்டால் இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. லீஸ்டு லைன் அறுந்ததும் தலைமை அலுவலகத்துக்கான ரூட் (பாதை) மறையும். ரூட் இல்லாத பாக்கெட் ஐ.எஸ்.டி.என். பக்கம் வராது, எனவே டயலும் ஆகாது. தலைமை அலுவலக நெட்வொர்க்குக்கு ஐ.எஸ்.டி.என். வழியாக ஒரு ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதும் பாதை) போட்டு, அதன் டிஸ்டன்ஸை (குறைவாக இருந்தால் முன்னுரிமை தரும் எண்) 200 ஆக்குங்கள். ஓ.எஸ்.பி.எஃப்.-இன் டிஸ்டன்ஸ் 110 என்பதால், லைன் நலமாக உள்ளவரை இந்த ரூட் ஒதுங்கியே இருக்கும். தலைமை அலுவலகத்திலிருந்தும் அழைப்பு எழ வேண்டுமானால் அங்கும் இதேபோல் ஒரு ஸ்டாட்டிக் ரூட் தேவை.

கேள்வி: லீஸ்டு லைன் சரியான பிறகும் ஐ.எஸ்.டி.என். கீழே வருவதில்லையே?

பதில்: காஸ்ட்டைப் பாருங்கள்; காஸ்ட் குறைவான பாதையையே ஓ.எஸ்.பி.எஃப். தேர்ந்தெடுக்கும். ஓ.எஸ்.பி.எஃப். 10 கோடியை பேண்ட்விட்த்தால் (விநாடிக்கு இத்தனை பிட் என்ற கணக்கில்) வகுத்து காஸ்ட் கணக்கிடுகிறது. பி.ஆர்.ஐ.-இன் இயல்பு பேண்ட்விட்த் 64 கேபிபிஎஸ், காஸ்ட் 1562. சீரியல் போர்ட்டிலும் 64 என்று எழுதியிருந்தால் அதற்கும் 1562 தான். சம காஸ்ட் என்பதால் டிராஃபிக் இரண்டிலும் பிரிந்து போகும், ஐ.எஸ்.டி.என். ஓயாது. பி.ஆர்.ஐ.-இல் காஸ்ட்டை 5000 ஆக்கிவிடுங்கள், இரு முனையிலும்.

கேள்வி: ஆக்சஸ்-லிஸ்ட்டுக்குப் பதில், வழக்கமான ஹலோவை அடக்கும் ஓ.எஸ்.பி.எஃப். வசதியான டிமாண்ட்-சர்க்கிட் போடலாமா?

பதில்: போடலாம். ஒரு முனையில் கொடுத்தாலே போதும், ஹலோ அடங்கிவிடும். ஆனால் அந்த ஏரியாவில் (ஓ.எஸ்.பி.எஃப். நெட்வொர்க்கின் ஒரு பகுதி) எங்கே மாற்றம் நடந்தாலும் லைன் எழும், ஆகவே கிளையைத் தனி ஸ்டப் ஏரியாவில் (வெளி ரூட்கள் நுழையாத பகுதி) வையுங்கள். வேறு ரூட்களை ஓ.எஸ்.பி.எஃப்.-க்குள் ரீடிஸ்ட்ரிபியூட் செய்தால் (கொண்டுவந்து சேர்த்தால்) இன்னொரு கண்ணி உண்டு: லைன் எழும்போது, இரு முனைகளை இணைக்கும் புரோட்டோகாலான பி.பி.பி. எதிர்முனைக்கு ஒரு /32 ரூட் (ஒரே ஒரு முகவரிக்கான பாதை) சேர்க்கும், விழும்போது எடுத்துவிடும். அதுவே மாற்றமாகி மீண்டும் டயல் செய்யவைக்கும். இன்டர்ஃபேஸில் 'நோ பியர் நெய்பர்-ரூட்' கொடுத்தால் இந்தச் சுழல் நிற்கும்.