கணினிக் கேள்வி – பதில்: விலைக்குக் கிடைக்காத இடம்

தன்னார்வலர்கள் தொகுக்கும் இணைய டைரக்டரியில், அதாவது இணையதளங்களைப் பொருள்வாரியாகப் பிரித்துப் பட்டியலிடும் தொகுப்பில், தம் இணையதளத்தை இடம்பெறச் செய்வது எப்படி என்று கேட்டு வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அவற்றிலிருந்து ஐந்து கேள்விகளை, சற்றுச் சுருக்கி, இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: நாங்கள் சுங்குடிச் சேலை தயாரித்து விற்கிறோம். அண்மையில் இணையதளம் தொடங்கினோம். ஒரு நிறுவனத்தார் தொலைபேசியில் அழைத்து, எங்கள் தளத்தை 500 டைரக்டரிகளில் சேர்த்துத் தருவதாகவும், மனிதர்களே பார்த்துத் தொகுக்கும் 'கர்லி'யும் அவற்றுள் ஒன்று என்றும் சொல்லிக் கட்டணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகர், சின்னாளபட்டி

பதில்: கொடுக்க வேண்டாம். கர்லியில் ஒரு தளத்தைப் பரிந்துரைப்பதற்கும் கட்டணம் இல்லை, அது சேர்க்கப்படுவதற்கும் கட்டணம் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு அங்கே இடம் பிடித்துத் தருவதாகச் சொல்பவர்கள் செய்யக்கூடியதெல்லாம், உரிய பிரிவின் பக்கத்தில் உள்ள பரிந்துரைப் படிவத்தை நிரப்பி அனுப்புவது மட்டுமே. அதை நீங்களே வீட்டில் உட்கார்ந்து செய்துவிடலாம். தளத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் அந்தப் பிரிவைப் பார்க்கும் தொகுப்பாளர்; அவர் ஊதியம் எதுவும் வாங்காமல், தன் ஓய்வு நேரத்தில் இந்த வேலையைச் செய்பவர்.

இந்த டைரக்டரிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு ஏற்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டால், இத்தகைய வணிகப் பேச்சை எடைபோடுவது எளிது. யாகூவின் டைரக்டரிதான் 1990-களில் பலருக்கு இணையத்தின் வாசலாக இருந்தது. அங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்த தொகுப்பாளர்களால், நாள்தோறும் பெருகிய தளங்களை ஈடுகொடுத்துப் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு துறையிலும் ஆர்வமுள்ளவர்களிடமே அந்தந்தப் பிரிவை ஒப்படைத்தால் என்ன என்ற எண்ணத்தில், அமெரிக்காவில் ரிச் ஸ்க்ரென்டாவும் பாப் ட்ரூயலும் 1998 ஜூனில் ஒரு டைரக்டரியைத் தொடங்கினார்கள். அதே ஆண்டில், இணைய உலாவி தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனம் அதை வாங்கியது. பிறகு அது ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் கைக்குப் போனது. 'டிமாஸ்' என்ற பெயரில் உலகம் அறிந்தது அதைத்தான்; கர்லியின் முன்னோடியும் அதுவே. அதன் தரவை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்று விட்டிருந்ததால், கூகுளே 2000 முதல் 2011 வரை அதை வைத்துத் தன் சொந்த டைரக்டரியை நடத்தியது. டிமாஸில் ஒரு தளம் ஏறினால், அதே பதிவு வேறு பல தளங்களிலும் தானாகப் பரவியது. தளம் வைத்திருந்தவர்கள் அந்த ஒரு வரிக்காகத் தவம் கிடந்ததற்குக் காரணம் இதுவே.

2017 மார்ச்சில் ஏஓஎல் டிமாஸை மூடியபோது அதில் 38 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் இருந்தன. அதுவரை 90,000-க்கும் மேற்பட்டோர் அதில் தொகுப்பாளர்களாகப் பணியாற்றியிருந்தனர். அவர்களில் ஒரு பகுதியினர், அத்தனை ஆண்டு உழைப்பும் வீணாகிவிடக் கூடாது என்று அந்தத் தரவை எடுத்துத் தொடர்ந்து நடத்திவருவதே இன்றைய கர்லி. யாகூவோ வணிகத் தளங்களைப் பரிசீலிப்பதற்கே ஆண்டுக்கு 299 டாலர் வாங்கிவந்தது. 2014 இறுதியில் அதன் டைரக்டரியும் மூடப்பட்டது. கட்டணம் வாங்கிய டைரக்டரி மறைந்துவிட, கட்டணம் வாங்காதது ஆட்களின் பற்றினால் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதை மனதார மதிக்க வேண்டியிருக்கிறது.

மீதமுள்ள 499 டைரக்டரிகளைப் பற்றி எச்சரிக்கையாக இருங்கள். அப்படிப்பட்ட பட்டியல்களில் பெரும்பாலானவை யாரும் படிப்பதற்காக நடத்தப்படுபவை அல்ல. இணைப்புகளைக் குவிப்பதற்காகவே உள்ளவை. தரமற்ற டைரக்டரிகளிலிருந்து வரும் இணைப்புகளை, தேடல் முடிவுகளை ஏமாற்றும் முயற்சிகளில் ஒன்றாகக் கூகுள் தன் கொள்கையிலேயே குறிப்பிட்டிருக்கிறது. காசு கொடுத்து அந்தப் பட்டியலில் சேர வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.

உங்கள் தளம் எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சேலையின் விலையைப் பார்த்து, அங்கேயே வாங்கும் வசதி இருந்தால், அது இணைய வழியில் பொருள் வாங்குவதற்கான பிரிவுக்கு உரியது. கடைக்காரர்களுக்கு மொத்தமாக அனுப்பும் தயாரிப்பாளர் என்றால் தொழில், வணிகப் பிரிவு. ஊருக்கு வந்து கடையில் வாங்க வேண்டும் என்றால், ஆசியா, இந்தியா, தமிழ்நாடு என்று இறங்கி உங்கள் வட்டாரத்துக்கு மிக நெருக்கமான பிரிவைப் பிடியுங்கள். பலர் மூன்றிலும் அனுப்பி வைக்கிறார்கள். அது உதவுவதற்குப் பதில் எரிச்சலைத்தான் உண்டாக்கும். மிகப் பொருத்தமான ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு முறை அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன், சாயம் ஏற்றுவதற்காகத் துணியில் முடிச்சுப் போடும் வேலையை நாலைந்து படங்களோடு உங்கள் தளத்தில் விளக்கி எழுதுங்கள். சேலைப் படமும் விலையும் ஆயிரம் தளங்களில் கிடைக்கும். உங்கள் வீட்டுக் கைகளின் வேலை உங்களிடம் மட்டுமே கிடைக்கும். தொகுப்பாளர் ஒரு தளத்தில் முதலில் தேடுவது, வேறெங்கும் இல்லாத அந்தச் செய்தியைத்தான்.

கேள்வி: எங்கள் வட்டாரக் கல்வெட்டுகளைப் பற்றித் தமிழில் ஒரு தளம் நடத்துகிறேன். சில பக்கங்கள் ஆங்கிலத்திலும் உண்டு. எந்த மொழிப் பிரிவில் பரிந்துரைப்பது? விவரக் குறிப்பாக நான் எழுதி வைத்திருப்பது இது: "உலகத் தமிழர் ஒவ்வொருவரும் கட்டாயம் காண வேண்டிய, தமிழில் முதன்முறையாக உருவாக்கப்பட்ட, மிகச் சிறந்த கல்வெட்டுக் களஞ்சியம்!" இது சரியா?
– வாசகர், புதுக்கோட்டை

பதில்: மொழியைப் பொறுத்தவரை விதி தெளிவாக இருக்கிறது. தமிழில் உள்ள தளம் தமிழ்ப் பிரிவுக்குப் போக வேண்டும். பொருள் இந்தியாவைப் பற்றியது என்பதால் ஆங்கிலப் பிரிவில் தமிழ்த் தளத்தைச் சேர்க்க மாட்டார்கள். உங்கள் ஆங்கிலப் பக்கங்கள் தமிழ் தெரியாத ஒருவர் தனியாகப் படித்துப் பயன்பெறும் அளவுக்கு இருந்தால், அவற்றை ஆங்கிலப் பிரிவிலும் ஒரு முறை பரிந்துரைக்கலாம். முகப்புப் பக்கத்தில் மட்டும் நான்கு வரி ஆங்கிலம் என்றால் அது போதாது.

குறிப்பு சரியில்லை. நீங்கள் எழுதியதில் கல்வெட்டு என்ற ஒரு சொல்லைத் தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று எதுவும் தெரியவில்லை. எந்த ஊர்க் கல்வெட்டு? எழுத்தின் வாசகம் இருக்கிறதா, படம் மட்டும்தானா? நேரில் போய்ப் பார்க்க விரும்புபவருக்கு வழி சொல்லியிருக்கிறீர்களா? "கட்டாயம்", "முதன்முறை", "மிகச் சிறந்த" ஆகிய மூன்றையும் தொகுப்பாளர் அடித்துவிடுவார், வியப்புக்குறியும் போய்விடும், எஞ்சுவது "கல்வெட்டுக் களஞ்சியம்" மட்டுமே. பிறகு அவரே உங்கள் தளத்தைப் பக்கம் பக்கமாகப் படித்துப் புதிதாக ஒரு குறிப்பு எழுத வேண்டும். கையில் பல பரிந்துரைகள் இருக்கும்போது, அதிக வேலை வைக்கும் ஒன்றை அவர் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கினால் குறை சொல்ல முடியாது.

இப்படி எழுதிப் பாருங்கள்: "குடுமியான்மலை, நார்த்தாமலை, சித்தன்னவாசல் உள்ளிட்ட புதுக்கோட்டை வட்டார ஊர்களின் கல்வெட்டுகள்: மூல வாசகம், இன்றைய தமிழில் விளக்கம், படங்கள், செல்லும் வழி." இந்த ஊர்களை நான் எடுத்துக்காட்டுக்காகச் சொல்கிறேன், உங்கள் தளத்தில் உண்மையில் உள்ளவற்றை எழுதுங்கள். இல்லாததை எழுதினால், திறந்து பார்த்த நிமிடமே தெரிந்துவிடும். 25 முதல் 30 சொற்களுக்குள் முடித்துக்கொள்வது நல்லது. தலைப்பாகத் தளத்தின் பெயரை மட்டும் கொடுங்கள். அதோடு "தமிழ்நாட்டின் நம்பர் ஒன்" போன்ற ஒட்டு எதையும் சேர்க்க வேண்டாம். தேடுபொறிக்காகச் சிலர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப அடுக்குகிறார்கள், அதுவும் கூடாது. நூலகத்தில் புத்தகத்துக்கு அட்டை எழுதுபவர் அந்த நூலைப் புகழ்வதில்லை அல்லவா, குறிப்பின் தொனி அப்படி இருக்கட்டும்.

உங்கள் குறிப்பை நீங்கள் எவ்வளவு நன்றாக எழுதினாலும், தொகுப்பாளர் அதை மாற்றலாம். மாற்றியதில் உண்மைப் பிழை இருந்தால், அந்தப் பிரிவின் பக்கத்திலிருந்தே திருத்தம் கோரலாம். வேறு சொல் போட்டிருந்தால் நன்றாக இருக்குமே என்பதற்காக மட்டும் கோர வேண்டாம்.

கேள்வி: எங்கள் கணக்குத் தணிக்கை அலுவலகத்தின் தளத்தைப் பரிந்துரைத்துப் பல மாதங்கள் ஆகின்றன. ஏற்றோம் என்றோ மறுத்தோம் என்றோ ஒரு மின்னஞ்சல்கூட வரவில்லை. மீண்டும் அனுப்பலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் கர்லியிலுள்ள தேடல் பெட்டியில் உங்கள் தளத்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் கேட்ட பிரிவை விட்டு, அதற்குப் பொருத்தமான வேறொரு பிரிவில் ஏற்கெனவே சேர்த்திருக்கலாம். சேர்த்ததைத் தனியாகத் தெரிவிக்கும் வழக்கம் இல்லை.

அங்கே இல்லையென்றால், இந்த முறை எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்வதுதான் மனநிம்மதிக்கு வழி. வந்த பரிந்துரைகளை வரிசைப்படி, இத்தனை நாட்களுக்குள் முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் எந்தத் தொகுப்பாளருக்கும் கிடையாது. ஒரு பிரிவை நன்றாக வளர்ப்பதே அவருடைய பொறுப்பு. அதற்கான தளங்களை அவர் தானே தேடியும் எடுப்பார், பத்திரிகையில் படித்தும் எடுப்பார், பரிந்துரைப் பட்டியலிலிருந்தும் எடுப்பார். உங்கள் பரிந்துரை அவருக்கு ஒரு தகவல். தாலுகா அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கிய மனு அல்ல. சில பிரிவுகளுக்கு இப்போது தனியாகத் தொகுப்பாளரே இல்லை. மேல்நிலைப் பிரிவைப் பார்ப்பவர் இறங்கி வந்து பார்க்கும்வரை அவை காத்திருக்கும்.

ஆகவே திரும்பத் திரும்ப அனுப்புவதால் ஒரு பயனும் இல்லை. டிமாஸ் காலத்தில், அதே முகவரியை அதே பிரிவுக்கு மறுபடி அனுப்பினால், புதியது பழையதை அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்காரும். முதலில் அனுப்பிய நாளின் முன்னுரிமையை இழப்பதுதான் மிச்சம். உங்கள் தளத்தின் முகவரி மாறியிருந்தாலோ, முதலில் தவறான பிரிவுக்கு அனுப்பிவிட்டதாக இப்போது தெரிந்தாலோ மட்டும் இன்னொரு முறை அனுப்புங்கள்.

காத்திருக்கும் காலத்தில் தளத்தை ஒரு புதிய ஆளின் கண்ணால் பாருங்கள். "விரைவில் வரும்" என்று எழுதிய பக்கங்கள் இருந்தால் எடுத்துவிடுங்கள். கட்டி முடிக்காத தளங்களைச் சேர்ப்பதில்லை. அலுவலகம் எந்தத் தெருவில், எந்த ஊரில் இருக்கிறது என்பது முகப்பிலிருந்தே தெரிய வேண்டும், ஏனெனில் வட்டாரப் பிரிவில் சேர்ப்பதற்கு அந்த முகவரியே ஆதாரம். வேறு தளத்திலிருந்து எடுத்து ஒட்டிய வரிச் சட்டக் கட்டுரைகளை நீக்கிவிட்டு, உங்கள் வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்கும் ஜிஎஸ்டி சந்தேகங்களுக்கு நீங்களே சொந்தமாகப் பதில் எழுதிப் போடுங்கள்.

இந்த ஒரு பதிவை நம்பி மற்றவற்றை நிறுத்தி வைக்கவும் வேண்டாம். கூகுள் ஒரு தளத்தைக் கண்டுகொள்வதற்கு இன்று எந்த டைரக்டரியின் தயவும் தேவையில்லை. தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோல் இலவசம், அதில் உங்கள் தளத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் அலுவலகத்தைத் தேடுபவர்களில் பெரும்பாலோர் கூகுள் மேப்ஸ் வழியாகத்தான் வருவார்கள், அங்கே முகவரியும் தொலைபேசி எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது முக்கியம்.

கேள்வி: தொகுப்பாளர் எனக்குப் போட்டியான கடைக்காரராகவே இருந்தால், என் தளத்தை வேண்டுமென்றே ஒதுக்கமாட்டாரா? இந்த முறையை எப்படி நம்புவது?
– வாசகர், சேலம்

பதில்: இந்தச் சந்தேகம் டிமாஸின் தொடக்க காலத்திலிருந்தே எழுப்பப்பட்டுவருவது, முற்றிலும் ஆதாரமற்றது என்று தள்ளிவிடவும் முடியாது. தம் துறையை அறிந்தவர்களிடமே பிரிவை ஒப்படைக்கும்போது, அவர்களில் சிலர் அதே துறையில் தொழில் செய்பவர்களாகவும் இருப்பார்கள். அதனால்தான், தமக்குத் தொடர்புள்ள தளங்கள் எவை என்பதை ஒவ்வொரு தொகுப்பாளரும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. சொந்தத் தளத்தைச் சேர்ப்பது தவறல்ல. அதற்கு மட்டும் சலுகை காட்டுவதும், போட்டியாளரின் தளத்தை நீக்குவதும், பணம் வாங்குவதும் பொறுப்பிலிருந்து விலக்கப்படுவதற்கான காரணங்கள். ஒவ்வொரு மாற்றமும் யார் செய்தது என்ற குறிப்போடு பதிவாகிறது. மூத்த தொகுப்பாளர்கள் அதைப் பார்க்க முடியும். யாராவது பணம் கேட்டால், அந்தச் செய்தியை அப்படியே இணைத்து முறைகேட்டுப் புகாராக அனுப்புங்கள். தளம் சேர்க்கப்படவில்லை என்பதை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றம் சாட்டிவிடாதீர்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. தமிழ்ப் பிரிவை நானே தொகுக்க முடியுமா? கணினி நிரல் எதுவும் தெரியாது.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: முடியும், உங்களைப் போன்றவர்கள்தான் வர வேண்டும் அம்மா. ஜெர்மன், பிரெஞ்சு போன்ற மொழிப் பிரிவுகளோடு ஒப்பிட்டால் தமிழ்ப் பிரிவு மிகச் சிறியது. தமிழில் நல்ல தளங்கள் குறைவு என்பது இதற்குக் காரணமல்ல. அவற்றைப் படித்துப் பார்த்து, இரண்டு வரி நடுநிலையாக எழுதி வைப்பதற்கு ஆள் போதவில்லை. நிரல் அறிவு தேவையே இல்லை. பிழையில்லாத தமிழும், பொறுமையும், புகழ்ச்சிச் சொல்லைக் கண்டால் வெட்டும் துணிவும் போதும். தேர்வுத்தாள் திருத்திய கைக்கு அது பழக்கமான வேலை.

விண்ணப்பிக்கும்போது பெரிய பிரிவைக் கேட்காதீர்கள். "தமிழ் இலக்கியம்" முழுவதையும் கேட்டால் பெரும்பாலும் மறுப்பார்கள். குறைவான தளங்கள் உள்ள ஓர் உட்பிரிவைக் கேட்டால் வாய்ப்பு அதிகம். அந்தப் பிரிவில் இதுவரை இல்லாத இரண்டு மூன்று தளங்களைத் தேர்ந்தெடுத்து, தலைப்பும் குறிப்பும் எழுதித் தரச் சொல்வார்கள். விண்ணப்பத்தின் வெற்றி தோல்வி அந்தச் சில வரிகளைப் பொறுத்ததுதான். எனவே புதுக்கோட்டை வாசகருக்கு மேலே எழுதியுள்ள பதிலை ஒரு முறை படித்துவிட்டு எழுதத் தொடங்குங்கள். உங்களுக்கோ உங்கள் பிள்ளைகளுக்கோ இணையதளம் இருந்தால், கேட்காமலேயே அதையும் விண்ணப்பத்தில் குறிப்பிட்டுவிடுங்கள். மறுப்பு வந்தால், பெரும்பாலும் குறிப்பு நீளமாகவோ பிரிவு பெரிதாகவோ இருந்திருக்கும். திருத்திக்கொண்டு மீண்டும் விண்ணப்பிக்கத் தடையில்லை.