தாத்தாவின் அக்ஃபாவா, மாமாவின் பென்டாக்ஸா? பிலிமில் தொடங்குபவர் எந்த அளவை, எந்த ரகத்தைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: வீட்டில் தாத்தாவின் அக்ஃபா கிளிக் III, மாமாவின் பென்டாக்ஸ் கே1000 என இரண்டு பிலிம் கேமராக்கள் இருக்கின்றன. எதில் தொடங்கலாம், எந்த பிலிமை வாங்கலாம்? தாத்தாவின் பெட்டியில் ஒரு பழைய ‘இந்து’ பிலிம் ரோலும் கிடைத்தது. அதைப் பயன்படுத்த முடியுமா?

பதில்:

இந்தக் கேள்விக்கு வரும் பதில்களில் பெரும்பாலானவை பிலிமின் பெயரிலிருந்து தொடங்குகின்றன. நான் மறுமுனையிலிருந்து, அதாவது பிலிமைக் கழுவுவதிலிருந்து, தொடங்குகிறேன், ஏனென்றால் என் முதல் கறுப்பு வெள்ளைச் சுருளை இழந்துதான் இந்த வரிசையைக் கற்றுக்கொண்டேன். இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் சுருள் ஒன்றை வாங்கி, 36 படங்களையும் மூன்று வாரம் யோசித்து யோசித்து எடுத்து, கலர் பிரிண்ட் போடும் ஒரு கடையில் கழுவக் கொடுத்தேன். மறுநாள் கண்ணாடித் தாள் போல வெறுமையான ஒரு நீளப்பட்டை கைக்கு வந்தது. “படமே விழவில்லை சார், கேமராவைப் பாருங்கள்” என்றார் கடைக்காரர். ஆறு மாதம் கேமராவையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

உண்மையில் நடந்தது வேறு. கறுப்பு வெள்ளை பிலிமில் உருவம் என்பது வெள்ளித் துகள்கள்தான். கலர் நெகட்டிவ் பிலிமிலோ வெள்ளி ஓர் இடைத்தரகர் மட்டுமே. அது இருக்கும் இடங்களில் சாயம் உருவான பிறகு, பிளீச், ஃபிக்ஸர் ஆகிய இரு ரசாயனங்களும் சேர்ந்து வெள்ளி முழுவதையும் வெளியேற்றிவிடும். கலர் பிலிமுக்கான இந்த முறைக்கு சி-41 என்று பெயர். என் சுருளை அந்த இயந்திரத்தில் விட்டபோது, சாயம் உருவாக வழியில்லாத பிலிமிலிருந்து வெள்ளியும் போய்விட்டது. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அது என்ன பிலிம் என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து, ஒரு சுருளை யார், எங்கே, எந்த முறையில் கழுவப்போகிறார்கள் என்பது முடிவாகாமல் நான் பிலிம் வாங்குவதில்லை.

இனி உங்கள் இரண்டு கேமராக்களுக்கு வருகிறேன். அவற்றுக்கிடையே உள்ள அடிப்படை வேறுபாடு பிலிமின் அளவுதான். பென்டாக்ஸ் கே1000 ஏற்பது 35 மி.மீ. பிலிம், கடைப்பெட்டியில் 135 என்று அச்சிட்டிருக்கும். இது சினிமாவிலிருந்து வந்த அளவு. சினிமாக் கேமராவில் பிலிம் மேலிருந்து கீழாக ஓடும். ஒரு சட்டகம் ஏறத்தாழ 18 × 24 மி.மீ. அதே பிலிமைப் படுக்கவைத்து ஓட்டி இரண்டு சட்டகங்களை ஒன்றாக்கினால் 24 × 36 மி.மீ. கிடைக்கும். ஜெர்மனியில் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஓஸ்கர் பர்னாக் செய்தது இதைத்தான். அவர் உருவாக்கிய லைக்கா 1925-இல் விற்பனைக்கு வந்தது. இன்று நாம் வாங்கும், பகல் வெளிச்சத்திலேயே கேமராவில் மாட்டக்கூடிய உலோகக் குப்பியை கோடாக் நிறுவனம் 1934-இல் ரெட்டினா கேமராவுடன் கொண்டுவந்தது.

அக்ஃபா கிளிக் III ஏற்பது 120 பிலிம். இது 135-ஐவிடப் பழையது. 1901-இல் கோடாக்கின் பிரவுனி பெட்டிக் கேமரா ஒன்றுக்காக வந்தது. இதற்குக் குப்பி கிடையாது. பிலிமின் முதுகில் ஒளிபுகாத் தாள் ஒன்று சேர்ந்தே சுற்றப்பட்டிருக்கும்; அந்தத் தாளின் எண்களைக் கேமராவின் பின்புறச் சிவப்பு ஜன்னல் வழியே பார்த்துத்தான் சுருளை நகர்த்த வேண்டும். சிவப்பு ஒளியை உணராத பிலிம்கள் மிகுந்திருந்த காலத்தின் ஏற்பாடு அது. இன்றைய பிலிம்கள் சிவப்பையும் உணர்வதால், வெயிலில் அந்த ஜன்னலைக் கையால் மறைத்துக்கொண்டு சுற்றுவது நல்லது.

அளவு பெரிதாவதால் என்ன லாபம் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். 35 மி.மீ. சட்டகத்தின் பரப்பு 864 சதுர மி.மீ. ‘ஆறுக்கு ஆறு’ என்று சொல்லப்படும் 120 சட்டகம் நடைமுறையில் 56 × 56 மி.மீ., அதாவது 3136 சதுர மி.மீ.; மூன்றரை மடங்குக்கும் சற்று அதிகம். எட்டுக்குப் பத்து அங்குலப் பிரிண்டை நிரப்ப 35 மி.மீ. நெகட்டிவை எட்டரை மடங்கு பெருக்க வேண்டும். ஆறுக்கு ஆறு நெகட்டிவை நாலரை மடங்கு பெருக்கினால் போதும். துகள் தெரிவதும் கீறலும் தூசியும் அதே விகிதத்தில் குறைகின்றன. 120 பிலிம் எல்லாக் கேமராவிலும் சதுரப் படம்தான் தரும் என்பதில்லை. கேமராவைப் பொறுத்து 6 × 4.5 அளவில் 15 அல்லது 16 படங்கள், 6 × 6 அளவில் 12, 6 × 7 அளவில் 10, 6 × 9 அளவில் 8 என்று அதே சுருள் பிரியும்.

இவை தவிர 110, 126, 127, ஏபிஎஸ் என்று பல அளவுகள் வந்து, பெரும்பாலும் வழக்கொழிந்தன. அலமாரியில் அவற்றுக்கான கேமரா கிடைத்தால் அழகுக்கு வைத்துக்கொள்வதே நிம்மதி. 620 மட்டும் விதிவிலக்கு. பிலிம் 120-தான், சுற்றும் உருளை மெலிந்தது, அவ்வளவே. இருட்டில் உருளை மாற்றிச் சுற்றத் தெரிந்தால் பயன்படுத்தலாம். நாலுக்கு ஐந்து அங்குலத் தாள் பிலிம்கள் தனி உலகம், அது இந்தக் கேள்விக்குள் வராது.

பெரிய நெகட்டிவ்தான் சிறந்தது என்றால் கிளிக்கில் தொடங்கலாமே என்று கேட்பீர்கள். கூடாது என்பது என் கருத்து. கிளிக்கின் லென்ஸ் மிக எளியது. நடுவில் ஓரளவு கூர்மையும் ஓரங்களில் குழைவும் தரும். இவ்வகைக் கேமராக்களின் ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் கதவு) 1/30 நொடிக்கும் 1/50 நொடிக்கும் இடைப்பட்ட ஒரே வேகத்தில் இயங்குவதே வழக்கம். எது தவறினாலும் அது உங்கள் பிழையா, கேமராவின் இயல்பா என்று பிரித்தறிய முடியாது. மாறாக, 1976 முதல் 1997 வரை தயாரிக்கப்பட்ட கே1000-இல் ஒரு நொடியிலிருந்து 1/1000 வரை ஷட்டர் வேகங்கள் உண்டு. பேட்டரி இல்லாமலும் ஷட்டர் இயங்கும், ஒளிமானி மட்டுமே நின்றுபோகும். அந்த ஒளிமானிக்குத் தனி விசை கிடையாது என்பதால், படம் எடுக்காதபோது லென்ஸ் மூடியைப் போட்டு வையுங்கள். இல்லையென்றால் பேட்டரி தானாகத் தீர்ந்துவிடும். நான்கைந்து சுருள்கள் இதில் பழகிய பிறகு, ஒரு சுருளுக்குப் 12 படம் என்ற கட்டுப்பாட்டை விரும்பினால், கிளிக்கை எடுங்கள். அப்போது அதன் குழைவு குறையாகத் தெரியாது.

பிலிம் ரகத்துக்கு வருவோம். வீட்டில் கழுவும் எண்ணம் சிறிதேனும் இருந்தால் கறுப்பு வெள்ளையில் தொடங்குங்கள். ஒளிபுகாத தொட்டி ஒன்று, டெவலப்பர் (உருவத்தை வெளிக்கொணரும் ரசாயனம்), ஃபிக்ஸர், வெப்பமானி ஆகியவையே போதும்; தொட்டிக்குள் பிலிமை ஏற்றும் சில நிமிடங்களுக்கு மட்டும் முழு இருட்டு வேண்டும், மற்றதெல்லாம் குளியலறை விளக்கொளியிலேயே நடக்கும். நம் ஊரின் சிக்கல் வெப்பம். டெவலப்பருக்கான அட்டவணைகள் 20 பாகை செல்சியஸை அடிப்படையாகக் கொண்டவை. மே மாதத்தில் குழாய் நீர் 30 பாகையைத் தாண்டிவிடும். எச்பி5 பிளஸ்ஸை, நீர் கலக்காத ஐடி-11 டெவலப்பரில் 20 பாகையில் ஏழரை நிமிடம் கழுவ வேண்டும் என்றால், 24 பாகையில் ஏறத்தாழ ஐந்து நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் நேரம் மிகக் குறுகி, ஒரு கணத் தாமதமும் நெகட்டிவில் தெரியும். நான் பக்கெட்டில் ஐஸ் கட்டிகளைப் போட்டு 24-க்குக் கொண்டுவந்துதான் வேலையைத் தொடங்குவேன். வேடிக்கை என்னவென்றால், கடினம் என்று எல்லோரும் அஞ்சும் கலர் முறையான சி-41-க்கு 37.8 பாகை தேவை. குளிர்நாட்டில் அது தலைவலி, சென்னைக் கோடையில் அதுவே எளிது.

கறுப்பு வெள்ளையில் எது என்றால், முதல் பத்துச் சுருள்களுக்கு ஒரே ரகம் என்பதே என் பதில். எச்பி5 பிளஸ், கோடாக் டிரை-எக்ஸ் 400 ஆகிய இரண்டும் பழைய முறைத் துகள் அமைப்பு கொண்டவை. ஒளியின் அளவில் ஒன்றிரண்டு படி (ஒரு படி என்றால் ஒளி இரட்டிப்பதோ பாதியாவதோ) தவறினாலும் பொறுத்துக்கொள்பவை. 1954-இல் 35 மி.மீ. அளவில் வந்த டிரை-எக்ஸ் செய்திப் படக்காரர்களின் பிலிமாக நிலைத்ததற்கு இந்தப் பொறுமை ஒரு முக்கியக் காரணம். இரண்டையும் 1600 வேகமாக (வேகம் என்பது பிலிம் ஒளியை உணரும் திறனின் எண்) கருதி எடுத்து, கூடுதல் நேரம் கழுவலாம். நிழல்கள் கறுத்துத் துகள் பருக்கும், ஆனால் கல்யாண மண்டபத்தின் மங்கிய ஒளியில் படம் கிடைக்கும். டி-மேக்ஸ், டெல்டா ஆகியவை தட்டையான துகள்களைக் கொண்டு துல்லியம் தருபவை. கழுவும் நேரத்தில் கண்டிப்பானவை என்பதால் அவை இரண்டாம் கட்டத்துக்கு. செக் நாட்டில் தயாராகும் ஃபோமாபான் மலிவானது. பழகுவதற்கு ஒரு குறையும் இல்லை. சிவப்பை உணராத ஆர்த்தோகுரோமேட்டிக் பிலிம்களும் இன்று கிடைக்கின்றன. அவற்றில் குங்குமப் பொட்டு கருமையாக விழும், வெற்றிலை போட்ட உதடும் அப்படியே. மிகப் பழைய குடும்பப் படங்களில் நெற்றிப் பொட்டு மைப்பொட்டு போல் கறுத்திருப்பதைப் பார்த்திருந்தால், இந்த வகை பிலிமும் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

வீட்டில் கழுவ முடியாது, பக்கத்தில் சி-41 கடை மட்டும்தான் இருக்கிறது, ஆனால் கறுப்பு வெள்ளைதான் வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. இல்ஃபோர்டு எக்ஸ்பி2 சூப்பர் என்ற பிலிமின் உருவம் சாயத்தால் ஆனது. அது சி-41-க்கென்றே உருவானது. அன்று எனக்கு இது தெரிந்திருந்தால் அந்த 36 படங்களும் இன்று கையில் இருந்திருக்கும்.

கலரில், தொடங்குபவருக்கு கோடாக் கோல்டு 200 அல்லது கலர்பிளஸ் 200 போதும். போர்ட்ரா 400-ஐப் பலரும் பரிந்துரைப்பார்கள். அதில் உண்மை உண்டு. தோல் நிறத்தை மென்மையாகக் காட்டும், இரண்டு படி அதிக ஒளி விழுந்தாலும் கலங்காது. ஆனால் தவறு செய்து பழகும் பருவத்தில் அந்த விலை கையைக் கட்டிப்போடும். எக்டார் 100 துகள் நுண்மைக்குப் பெயர் பெற்றது. முகங்களைச் சற்றுச் சிவக்கக் காட்டுவதால் நான் அதைக் கோபுரங்களுக்கும் கடற்கரைக்கும் மட்டும் வைத்துக்கொள்கிறேன். எக்டாக்ரோம், வெல்வியா போன்ற, நெகட்டிவ் இல்லாமல் நேராகப் படமே விழும் ஸ்லைடு பிலிம்களுக்கு இ-6 என்னும் வேறு முறை வேண்டும். அரைப் படி தவறினாலே அவை காட்டிக்கொடுத்துவிடும். சினிமா பிலிமை வெட்டிக் குப்பியில் அடைத்து விற்பவர்களிடமும் கவனமாக இருங்கள். அந்த வகையில் பல சுருள்களின் முதுகில் ரெம்ஜெட் என்னும் கரிப்பூச்சு இருக்கும்; அது சாதாரண சி-41 இயந்திரத்துக்குள் போனால் ரசாயனத்தையும் அடுத்தவர் பிலிமையும் சேர்த்துக் கெடுக்கும்.

கழுவும் முறை இல்லையேல் பிலிம் இல்லை என்பதற்குக் கோடாக்ரோமைவிட வேறு சான்று வேண்டாம். 1935-இல் வந்து, நிறத்துக்கும் நீடிப்புக்கும் பெயர் பெற்ற அந்த ஸ்லைடு பிலிமின் தயாரிப்பை கோடாக் 2009-இல் நிறுத்தியது. அதற்கான கே-14 முறையைக் கடைசிவரை நடத்திய அமெரிக்காவின் கான்சஸ் மாநிலக் கடை, 2010 டிசம்பர் 30 வரை வந்த சுருள்களோடு நிறுத்திக்கொண்டது. இன்று கழுவாத கோடாக்ரோம் சுருள் கிடைத்தால் கறுப்பு வெள்ளையாக மட்டுமே கழுவ முடியும். அதன் நிறங்களை மீட்க வழியில்லை.

வேகத்தைத் தேர்வதற்கு நம் வெயிலே அளவுகோல். நல்ல வெயிலில் அபர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித் துளையை, 16-இல் வைத்தால் (எண் குறைந்தால் துளை பெரிதாகிப் பின்புலம் மங்கும்), பிலிமின் வேகத்தைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணுக்கு அருகிலுள்ள ஷட்டர் வேகம் சரியாக இருக்கும். ஐஎஸ்ஓ 100 பிலிமில் 16-க்கு 1/125 என்றால், 5.6-க்கு 1/1000 வந்துவிடும். கே1000-இன் எல்லை அதுதான். 400 பிலிமிலோ 11-இலேயே அந்த எல்லையை எட்டிவிடுவீர்கள், பின்புலத்தை மங்கலாக்க இடமே இருக்காது. ஆகவே பகலில் வெளியில் எடுப்பதற்கு 100 அல்லது 125, வீட்டுக்குள்ளும் மாலைக்கும் 400. கிளிக்குக்கு எப்போதும் 100. வாங்கிய பிலிமைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, வெளியே எடுத்தபின் ஓரிரு மணி நேரம் கழித்தே பிலிமின் உறையைப் பிரியுங்கள். இல்லையேல் பிலிமின் மேல் நீர் கோத்துக்கொள்ளும்.

கடைசியாக அந்த ‘இந்து’ சுருள். உதகமண்டலத்தில் மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் தயாரித்த பிலிம் அது. 1960-இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் எக்ஸ்ரே பிலிம், சினிமா பிலிம், புரோமைடு தாள் எல்லாம் செய்தது. நெடுங்காலம் நலிந்து கிடந்து பின்னர் மூடப்பட்டது. இத்தனை ஆண்டு பெட்டி வெப்பத்தில் கிடந்த பிலிமில் புகை படர்ந்தது போன்ற மூட்டமும் வேகக் குறைவும் உறுதி. புதுப் படம் எடுக்க அதை நம்ப வேண்டாம்.

ஆனால் அதைக் கேமராவில் மாட்டிப் பார்க்கும் முன், சுருளைப் பிரிக்காமல் அதன் வெளித்தாளை மட்டும் பாருங்கள். படம் எடுக்காத 120 சுருளில் தாளின் தொடக்க முனை வெளியில் இருக்கும். எடுத்து முடித்த சுருளில் மறுமுனை வெளியில் வந்து, எடுத்தாயிற்று என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒட்டுத்தாளால் கட்டியிருக்கும். உங்களிடம் இருப்பது இரண்டாவது வகையானால், அதற்குள் உங்கள் தாத்தா எடுத்த 12 படங்கள் இன்னும் கழுவப்படாமல் இருக்கின்றன. தளர்ந்துவிடாமல் ஒரு ரப்பர் வளையம் போட்டு, ஒளிபடாத டப்பாவில் வைத்து, கறுப்பு வெள்ளை பிலிமைக் கையால் கழுவும் ஒருவரிடம் பழைய பிலிம் என்று சொல்லிக் கொடுங்கள். கலர் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.