சைக்கிளுக்கு மூன்று பக்கம், கண்ணுக்கு நான்கு வரி

கேள்வி: கண்தான விழிப்புணர்வுக்காகச் சைக்கிளில் தனியாக 4,000 கிலோமீட்டர் பயணம் செய்யத் திட்டமிட்டிருக்கிறேன். கையில் பணம் எடுத்துச் செல்லப்போவதில்லை. முன்பின் தெரியாதவர்கள் தரும் உணவையும் படுக்க இடத்தையும் மட்டுமே நம்பிப் புறப்படுகிறேன். என் நண்பரோ, "நல்ல காரியம் என்று பலகை மாட்டிக்கொண்டால் பிச்சை எடுப்பது யாத்திரை ஆகிவிடுமா?" என்று கேலி செய்கிறார். அவர் சொல்வது சரியா? வழியில் உள்ள வாசகர்கள் எனக்கு இடம் தர வேண்டும் என்று உங்கள் இதழில் ஒரு வேண்டுகோள் வெளியிடுவீர்களா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: சுருக்கியவன் நான்தான். உங்கள் கடிதம் மூன்று பக்கம். என்ன சைக்கிள், எத்தனை கியர், எந்த நாளில் எந்த ஊர், நாளொன்றுக்கு 120 கிலோமீட்டர் என்ற கணக்கு எல்லாம் அதில் விரிவாக இருக்கின்றன; கண்தானத்துக்கு நான்கு வரிகள் கிடைத்திருக்கின்றன. உங்கள் நண்பர் சொன்ன சொல் கடுமையானது. ஆனால் கேலிக்கு இடம் கொடுத்தவர் நீங்கள்.

பணமில்லாமல் போவதில் இழிவு ஏதுமில்லை. 1962இல் சதீஷ் குமார், ஈ.பி. மேனன் என்ற இரு இந்திய இளைஞர்கள் டெல்லியில் காந்தி சமாதியிலிருந்து புறப்பட்டு, அணு ஆயுதங்களுக்கு எதிராக மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் ஆகிய நான்கு தலைநகரங்களுக்கும், கடல் குறுக்கிட்ட இடங்கள் தவிர, நடந்தே சென்றார்கள். (சைக்கிள்கூட இல்லை என்பதைக் கவனிக்கவும்.) கையில் காசு வைத்துக்கொள்ளக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லி அனுப்பியவர் காந்தியின் சீடர் வினோபா பாவே. அந்த யோசனையில் துறவைவிடச் சாமர்த்தியம்தான் அதிகம் என்பேன். காசு இருந்தால், களைத்துப்போன மாலையில் ஒரு விடுதியைத் தேடிப்பிடித்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடத் தோன்றும். இல்லாவிட்டால் யார் வீட்டுக் கதவையாவது தட்டியாக வேண்டும், தட்டினால் எதற்காக வந்தோம் என்று சொல்லியாக வேண்டும். பகலில் நடப்பதும் இரவில் பேசுவதுமாக அவர்களுடைய வேலை நடந்தது. சோவியத் நாட்டில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைப் பெண், அணுகுண்டின் பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒரு கோப்பைத் தேநீர் குடித்துவிட்டு யோசிக்கட்டும் என்று, நான்கு நாட்டுத் தலைவர்களுக்கும் நான்கு தேயிலைப் பொட்டலங்கள் கொடுத்தனுப்பியதும் அத்தகைய பேச்சில் விளைந்ததுதான்.

அமைதிப் பயணி என்ற பெயரிலேயே அறியப்பட்ட அமெரிக்கப் பெண்மணி மில்ட்ரெட் நார்மன், 1953இல் நடக்கத் தொடங்கி 1981இல் சாலை விபத்தில் இறக்கும்வரை அந்த வாழ்க்கையையே வாழ்ந்தார். தங்க இடம் தரப்படும்வரை நடப்பது, உணவு தரப்படும்வரை உண்ணாதிருப்பது என்பது அவருடைய விரதம். யாரும் தராவிட்டால் அந்தப் பசி அவருடையது. உங்கள் திட்டத்திலோ, யாரும் தராவிட்டால் என்ன செய்வது என்ற பகுதியே இல்லை. நடக்கப்போவது என்னவென்று நான் சொல்கிறேன்: இருட்டிய பிறகு வாசலில் வந்து நிற்கும் உங்களைத் திருப்பி அனுப்ப மனம் வராமல், அன்று விருந்தாளியை விரும்பாத ஒரு குடும்பம் கதவைத் திறக்கும்.

அப்படித் திறப்பவருக்குச் சைக்கிள் விருந்தாளி கொஞ்சம் கனமானவர். சுமையேற்றிய சைக்கிளை நாள் முழுவதும் மிதித்த உடல் 4,000 கலோரிக்குக் குறையாமல் கேட்கும்; வந்தவர் ஒருவர், பசி இருவருடையது. பின்சக்கரத்தில் ஃப்ரீவீல் (சங்கிலி ஓடும் பற்சக்கரத் தொகுதி) இருக்கும் பக்கத்து ஸ்போக்ஸ் கம்பிகள்தாம் சுமை தாங்காமல் பெரும்பாலும் முதலில் உடைகின்றன. ஃப்ரீவீலைக் கழற்றும் கருவி இல்லாமல் அவற்றை மாற்றுவது கடினம். ஐந்தாறு கம்பிகளும் அந்தச் சிறு கருவியும் பையில் இல்லாதவர், ஓர் இரவுக்கென்று வந்து மூன்று இரவு தங்க நேரிடும். உங்கள் சாமான் பட்டியலில் கேமராவுக்கு இரண்டு பேட்டரிகள் இருக்கின்றன, கம்பிகள் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், நீர் சேமிப்பை வலியுறுத்திச் சைக்கிளில் வந்த ஒருவருக்கு என் வீட்டில் இடம் கொடுத்தேன். வந்ததும் அவர் செய்த முதல் காரியம், ஆறு வாளித் தண்ணீர் பிடித்துச் சைக்கிளைக் கழுவியது. அதில் கட்டியிருந்த நீர் சேமிப்பு வாசகத் துணியை மட்டும் நனையாமல் முன்கூட்டியே அவிழ்த்து வைத்துக்கொண்டார். சாப்பிட்டார், அன்றைய தூரத்தைக் கைப்பேசியில் பதிவேற்றினார், உறங்கினார். காலையில், சங்கிலி எண்ணெய்க் கறை படிந்த துண்டை அழகாக மடித்து வைத்துவிட்டு, எங்களோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். துண்டுக்காக நான் வருந்தவில்லை. எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வார்த்தை அவர் கேட்டிருக்கலாம்.

இதை உங்களிடம் சொல்லக் காரணம், நீங்கள் எடுத்துக்கொண்ட நோக்கம் வீடுகளுக்குள் முடிவாகிற ஒன்று. உறுதிமொழிப் படிவத்தில் ஆயிரம் பேரிடம் கையெழுத்து வாங்கிவிடலாம். ஆனால் கையெழுத்திட்டவர் இறக்கும் நாளில் கண் வங்கியை அழைக்க வேண்டியவர்கள் அவருடைய மனைவியோ மகனோ மகளோதான். கருவிழியைப் பொதுவாக 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். அதுவரை இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைக்கவும், மின்விசிறியை நிறுத்தவும், தலையைத் தலையணையில் சற்று உயர்த்தி வைக்கவும், அந்த அழுகைக்கு நடுவே யாராவது ஒருவருக்கு நினைவு வர வேண்டும். கண்ணாடி அணிந்தவரும் முதியவரும் சர்க்கரை நோயாளியும் கண்தானம் செய்யலாம் என்பதை ஒலிபெருக்கியில் சொன்னால் காதில் விழும், அவ்வளவுதான். சாப்பிட்டு முடித்துப் பாட்டி முதல் பேரன்வரை எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது சொன்னால்தான், "எடுத்த பிறகு முகம் எப்படி இருக்கும்?" என்ற கேள்வி தயங்கித் தயங்கியாவது வெளியே வரும். முகம் விகாரமாகாது என்ற பதிலை அங்கேயே, கேட்டவரைப் பார்த்தே சொல்ல முடியும். ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஒருவர் சாவைப் பற்றி மற்றவரிடம் பேசக் கூசுவார்கள்; விடிந்தால் போய்விடப்போகும் அந்நியர் பேச்சை எடுத்தால் அந்தக் கூச்சம் பாதி குறையும். முன்பின் தெரியாதவர் வீட்டில் தங்குவதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே நியாயம் இதுதான், அதைத்தான் மூன்று பக்கத்தில் எழுத மறந்திருக்கிறீர்கள்.

ஆகவே நாளொன்றுக்கு 120 கிலோமீட்டர் என்பதைப் பாதியாக்குங்கள். அவ்வளவு மிதித்தவருக்கு இரவு எட்டரை மணிக்குத் தம் கண்ணே திறந்திருக்காது, பிறர் கண்ணைப் பற்றி என்ன பேசுவார்? பணமும் எடுத்துச் செல்லுங்கள். கதவு எதுவும் திறக்காத இரவில் விடுதிக்குப் போகவும், திறந்த வீட்டில் உங்கள் பங்குக்கு ஏதேனும் வாங்கிக் கொடுக்கவும் அது உதவும். சைக்கிள் பயணிகள் ஒருவருக்கொருவர் வீட்டில் இடம் தருவதற்கென்றே வார்ம்ஷவர்ஸ் என்ற அமைப்பு 1993 முதல் இயங்குகிறது. அங்கே முன்கூட்டியே எழுதிக் கேட்பார்கள், முடியாதவர் தயக்கமின்றி மறுப்பார், இன்று தங்கியவர் பிறகு தம் வீட்டில் பிறருக்கு இடம் தருவார் என்பது எதிர்பார்ப்பு. உங்கள் வீட்டில் இதுவரை எத்தனை பயணிகள் படுத்து எழுந்திருக்கிறார்கள் என்பது உங்கள் கடிதத்தில் இல்லை.

வேண்டுகோளை இப்போதுள்ள வடிவில் வெளியிட மாட்டேன். எந்த நாளில் எந்த ஊருக்கு எத்தனை மணிக்குள் வந்து சேர்வீர்கள், வீட்டாரோடு எவ்வளவு நேரம் உட்காருவீர்கள், அந்தந்தப் பகுதிக் கண் வங்கியின் தொலைபேசி எண் உங்கள் கையில் இருக்கிறதா என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழிலேயே இடம் ஒதுக்குகிறேன். கியர் எண்ணிக்கை வேண்டியதில்லை.