ரவுண்டானாவில் கம்பெனிப் பலகை ஏன்?

கேள்வி: இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ரவுண்டானாக்களில் கம்பெனிப் பெயர் போட்ட சின்னப் பலகைகளைப் பார்த்தேன். பொது இடத்தை கவுன்சில் (அந்த ஊர் உள்ளாட்சி) விற்றுவிட்டதா? – வாசகி, திருச்சி

பதில்: விற்கவில்லை அம்மா. இடம் பொது இடமாகவேதான் இருக்கிறது. ஒப்பந்தக் காலத்துக்குக் கம்பெனி பணம் கட்டுகிறது, பதிலுக்குப் பலகை வைத்துக்கொள்கிறது, அந்தப் பணத்தில் புல் வெட்டுவது, செடி நடுவது எல்லாம் நடக்கும். 2010க்குப் பிறகு பிரிட்டனின் மத்திய அரசு கவுன்சில்களுக்கான மானியத்தைக் கடுமையாகக் குறைத்தது. முதியோர் பராமரிப்பு மாதிரி சட்டப்படி செய்தே ஆகவேண்டிய வேலைக்கே திணறும்போது பூச்செடிக்கு எங்கிருந்து வரும்? அதுவும் மில்டன் கீன்ஸ் மாதிரி நூற்றுக்கும் மேல் ரவுண்டானா உள்ள ஊரில்!

பலகையை இஷ்டத்துக்கு வைக்க முடியாது. 2007ஆம் ஆண்டின் விளம்பரக் கட்டுப்பாட்டு விதிகள் இருக்கின்றன, ஓட்டுநரின் கவனம் சிதறுமா என்றும் பார்ப்பார்கள். அதனால்தான் அது சின்னதாக, தாழ்வாக இருக்கிறது.

சரி, எனக்கு இது பிடித்த ஏற்பாடுதான். ஆனால் வண்டிகள் நிறையப் போகும் சாலைக்குத்தான் கம்பெனிகள் போட்டி போடும், உள்ளே ஒதுங்கிய குடியிருப்புப் பக்கம் யாரும் வரமாட்டார்கள். அங்கே புல் வெட்டும் செலவையும் இந்த வருமானத்திலிருந்தே கவுன்சில் எடுக்க வேண்டும், கணக்கையும் மக்களுக்குக் காட்ட வேண்டும்.