சேமிப்புப் பெட்டியில் மிரர் போட்ட (ஒரே தகவலை இரண்டிலும் எழுதும்) 2 டிஸ்க்கில் ஒன்று மட்டும் அடிக்கடி கழன்று போகிறதா?

ரீபில்ட் (மிச்சமுள்ள டிஸ்க்கிலிருந்து மற்றதை மீண்டும் நிரப்பும்) பொத்தானை இப்போது அழுத்தாதீர்கள். வெளியே விழாமல் நிற்கிற டிஸ்க்கில் இருப்பதை முதலில் ஒரு யூஎஸ்பி டிஸ்க்குக்கு நகல் எடுங்கள், ஏனென்றால் ரீபில்ட் ஓடும்போது அந்த ஒரே டிஸ்க்கைத்தான் தொடக்கம் முதல் கடைசி வரை படிக்கும், அதுவும் பழுதானால் எல்லாம் போச்சு.

புது டிஸ்க் மாற்றியும் அதே இடம்தான் 'டிகிரேடட்' (ஒரு டிஸ்க் குறைகிறது) என்று காட்டுகிறதா? அப்படியானால் எனக்குச் சந்தேகம் டிஸ்க் மேல் இல்லை, சாட்டா கேபிள் (டிஸ்க்கை மதர்போர்டோடு இணைப்பது) மேல்தான். நீங்களே அசெம்பிள் செய்த பெட்டி வேறு.

1. ஸ்மார்ட் அறிக்கையில் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவு செய்வது) 199ஆம் வரியைப் பாருங்கள் (சிஆர்சி, அதாவது தகவல் கைமாறும்போது வரும் பிழைகளின் எண்ணிக்கை). அது ஏறியிருந்து 5 (கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதிகள்), 197 (படிக்க முடியாமல் நிற்கும் பகுதிகள்) இரண்டும் பூஜ்யமாக இருந்தால் டிஸ்க் பெரும்பாலும் நல்லதுதான், தகவல் வழியில்தான் சிதைகிறது.
2. பெட்டியை அணைத்துவிட்டு இரண்டு டிஸ்க்கின் கேபிளையும் இடம் மாற்றிப் போடுங்கள். பிழையும் கேபிளோடு போனால் விடை கிடைத்துவிட்டது. என் வீட்டில் மூடியை இறுக்கியதில் கேபிள் தலைப்பு நசுங்கி, சரியாக ஒரு மயிரிழை வெளியே நின்றது. அதைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம்!

199 ஒருமுறை ஏறினால் இறங்காது. அதனால் இன்றைய எண்ணை எழுதி வையுங்கள், கேபிள் மாற்றிய பிறகு கூடுகிறதா என்பதுதான் கணக்கு.

197 ஏறினால் கதை வேறு, வாரண்டிக்கு அனுப்புங்கள். அப்புறம், ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்பே லாக் கோப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், சப்போர்ட்டில் முதலில் கேட்பது அதைத்தான்.