சிவப்பு மாத்திரையும் கருணையும் (கடிதம்)

அன்புள்ள அண்ணா,

கராச்சியில் தொழுநோயாளிகளுக்காக வாழ்ந்து 2017இல் மறைந்த ஜெர்மன் கன்னியாஸ்திரி ரூத் ஃபாவ் பற்றிப் படித்தேன். பாகிஸ்தான் கொடி போர்த்தி அரசு மரியாதையோடு அடக்கம் செய்திருக்கிறார்கள். எத்தனை பெரிய கருணை! மதமாற்ற நோக்கம் இல்லாமல் இப்படி ஒருவர் வாழ முடியுமா? எங்கள் கோயில் வாசலில் ஒரு தொழுநோயாளிப் பெரியவர் உட்கார்ந்திருப்பார். வாரம் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் வைத்துவிட்டு ஓடி வந்துவிடுகிறேன். பக்கத்தில் போகக் கூசுகிறது. அந்தக் கருணை எனக்கு ஏன் இல்லை?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

போன வாரம் என் பள்ளித் தோழன் ஒருவனின் மகள் கல்யாணத்துக்குப் போய்வந்தேன். அதிலிருந்து நானும் இதே நினைப்பில்தான் இருக்கிறேன்.

முடியும். மதமாற்றக் கேள்விக்கு இவ்வளவு போதும். அப்புறம், நீங்கள் எழுதியிருந்த 'கு'வில் தொடங்கும் சொல்லை நான்தான் தொழுநோயாளி என்று மாற்றினேன். படித்தவர் நீங்கள், இனி அதை எழுதாதீர்கள்.

என் சண்டை அந்தக் 'கருணை'யோடு. 1960இல் இந்தியாவுக்கு வரக் கிளம்பிய ரூத், விசாச் சிக்கலால் கராச்சியில் நின்றார். முப்பது வயது, மருத்துவம் படித்தவர். மெக்லியோட் சாலைப் பக்கத்துக் குடிசைகளில், தன் வயதுக்காரர் ஒருவர் நாலு காலில் தவழ்ந்து மருந்துக்கு வருவதைப் பார்த்தார். இதுவரை எல்லாரும் எழுதுவார்கள், கண்ணீரும் விடுவார்கள். அடுத்த வருஷம் அவர் நம் வேலூருக்கு வந்து தொழுநோய்ச் சிகிச்சை கற்றுக்கொண்டு திரும்பினார் என்பதை யாரும் எழுதுவதில்லை. பாடம் படித்தார் என்றால் கண்ணீர் வராது, இல்லையா?

எண்பதுகளின் கடைசியில் எங்கள் பள்ளிக்குச் சைக்கிளில் ஒரு தொழுநோய் ஆய்வாளர் வருவார். சட்டையைக் கழற்றி வரிசையில் நிற்கச் சொன்னார். என் பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு முழங்கைக்குக் கீழே வெளிறிய தேமல். கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் அங்கங்கே தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொன்னார். சரியாகவே காட்டிக்கொண்டு வந்தான். தேமல் மேல் முனையை ஊன்றியபோது மட்டும், "இன்னும் தொடலையே சார்" என்றான். தேமலில் உணர்ச்சி இல்லையென்றால் அது தொழுநோயின் அடையாளம்.

அதன்பின் ஆய்வாளர் மாதம் ஒரு தடவை வந்து, தன் கண்ணெதிரே அவனை மாத்திரையை விழுங்க வைத்து நோட்டில் குறித்துக்கொள்வார். மற்ற நாட்களுக்கான மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார். முதல் தடவை மூத்திரம் சிவப்பாகப் போகவும், பயந்துபோய் என்னை வேலிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினான். அந்த மாத்திரையிலிருந்த ரிஃபாம்பிசின் என்ற மருந்து செய்கிற வேலை அது. ஒருமுறை பள்ளிக்கு மட்டம் போட்டவனைக் களத்துமேடு வரை தேடிப்போய் விழுங்க வைத்தார். ஆறு மாதம் இப்படி. அந்த மனுஷர் சிரித்து நான் பார்த்ததில்லை. எரிந்து எரிந்து விழுவார். அவருக்குக் கருணை இருந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. போன வாரக் கல்யாணப் பந்தியில் என் தோழன் சாம்பார் வாளியோடு வந்தான். பத்து விரலும் பத்திரமாக இருந்தன.

ரூத் செய்ததும் இந்தச் சைக்கிள்காரர் வேலைதான், ஒரு நாட்டின் அளவுக்கு. பணியாளர்களைப் பயிற்றுவித்தார், மையங்கள் திறந்தார், பலூசிஸ்தானுக்கும் வடக்கு மலைகளுக்கும் நோயாளிகளைத் தேடிப் போனார். பாகிஸ்தானில் தொழுநோய் கட்டுக்குள் வந்துவிட்டது என்று 1996இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. முப்பத்தாறு வருஷம், சரவணன்! அதில் பாதிக்கு மேல் பதிவேடும் பயணமுமாகத்தான் போயிருக்கும். அதையெல்லாம் கருணை என்று ஒரே சொல்லில் கட்டி, மாலை போட்டு, நம்மால் ஆகாது என்று கும்பிட்டு நகர்ந்துவிடுகிறோம். நீங்கள் செய்வதும் அதுதான். கோபித்துக்கொள்ளாதீர்கள், பொட்டலம் வைக்கிற கை நல்ல கை.

உங்கள் பெரியவருக்கு நோய் எப்போதோ குணமாகியிருக்கலாம். மிஞ்சியிருப்பது மரத்துப்போன காலாக இருக்கும். முள் குத்தினாலும் தெரியாது, புண் தானாக ஆழமாகும். அடுத்த வாரம் பொட்டலத்தோடு ஒரு தாளும் பென்சிலும் கொண்டுபோங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எம்.சி.ஆர். செருப்பு (மரத்த காலைக் காக்கும் மெத்தென்ற ரப்பர் செருப்பு) என்று கேட்டால் இலவசமாகத் தருவார்கள். அளவு வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பாதத்தைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்துகொள்ளுங்கள். இரண்டு காலுக்கும் தனித்தனியாக.